பாக்டீரியாவில் புதிய பேரினம் ஒன்றை வரையறுத்துப் பெயரிடும் முறை

மண்ணிலிருந்தோ, கடல் வண்டலிலிருந்தோ, நோயாளியின் இரத்தத்திலிருந்தோ பிரித்து வளர்த்தெடுத்த ஒரு பாக்டீரியா, தெரிந்த எந்தப் பேரினத்திலும் பொருந்தாமல் நிற்கும்போது, ஆய்வாளருக்கு இரண்டு வேலைகள் வந்து சேருகின்றன. முதலாவது வகைப்பாடு: இந்த உயிரி யாருக்கு உறவு, அந்த உறவு எவ்வளவு தொலைவானது, பேரினத்தின் எல்லைக்கோட்டை எங்கே இழுப்பது என்று முடிவு செய்வது. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. சான்றுகளும் அவற்றை எடைபோடும் ஆய்வாளரின் மதிப்பீடும் மட்டுமே உண்டு. இரண்டாவது பெயரிடல். இதில் மதிப்பீட்டுக்கு இடம் குறைவு. உட்கரு இல்லாத உயிரிகளான புரோகேரியோட்டுகளுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு சொல்வதைச் சொன்னபடி செய்ய வேண்டும். எல்லைக்கோட்டை நாளை வேறொருவர் மாற்றி வரையலாம், ஆனால் முறைப்படி வெளியிட்ட பெயர் பதிவேட்டில் நிலைத்துவிடும். நான் படித்துப் பார்த்த வரைவுகள் பலவும் தடுமாறியது இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட இடத்தில்தான். ஆகவே பெயரைப் பற்றி யோசிப்பதைத் தள்ளிவைத்து, பேரினம் ஒன்று உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது.

முதல் சல்லடை: 16எஸ் மரபணு

ரைபோசோமின் சிறு அலகில் உள்ள 16எஸ் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு ஏறத்தாழ 1,500 டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ளது. எல்லா பாக்டீரியாக்களிலும் இருப்பது, மெதுவாக மாறுவது என்ற இரண்டு காரணங்களால், 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இந்த மூலக்கூறின் வரிசைகளை ஒப்பிட்டு பாக்டீரியாவைப் போலத் தோன்றும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைத் தனிக் கிளையாகக் காட்டியது முதல், உறவு தேடுவோர் அனைவரும் முதலில் கைவைப்பது இதில்தான். உங்கள் ஸ்ட்ரெயினின் (பிரித்து வளர்த்த தூய வளர்ப்பின்) முழு நீள வரிசையைப் பெறுங்கள். ஐந்நூறு எழுத்துத் துண்டு ஒன்று அடையாளம் காண்பதற்குப் போதலாம். பேரினத்தை முன்மொழியப் போதாது. பெற்ற வரிசையைத் தரவுத்தளத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு வரிசையோடு ஒப்பிடக் கூடாது. முறைப்படி பெயர் பெற்ற சிற்றினங்களின் மூலமாதிரி ஸ்ட்ரெயின்களோடு, அதாவது அந்தப் பெயர்கள் கட்டப்பட்டிருக்கும் வளர்ப்புகளோடு, மட்டும் ஒப்பிட வேண்டும். பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம். அவற்றை நம்பி உறவு சொன்னால் அடித்தளமே சாய்ந்துவிடும்.

இங்கே இரண்டு எண்களை நினைவில் கொள்ள வேண்டும். மிக நெருங்கிய உறவோடு ஒப்புமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்பு அதிகம். 94.5 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் புதிய பேரினமாக இருக்கலாம் என்று 2014இல் வெளியான ஒரு விரிவான ஒப்பீடு பரிந்துரைத்தது. இருக்கலாம் என்பதைக் கவனிக்கவும். இந்த எண் கதவைத் தட்டச் சொல்கிறதே தவிர, உள்ளே அழைக்கவில்லை. 95.5 சதவீத ஒப்புமை இருந்தும் தனிப் பேரினமாக நிற்கும் கிளைகள் உண்டு. 93 சதவீதத்துக்கு இறங்கியும் ஒரே பேரினத்தில் வைக்கப்படுபவையும் உண்டு. வேகமாக மாறும் கிளைகளும் மெதுவாக மாறும் கிளைகளும் ஒரே அளவுகோலுக்குள் அடங்குவதில்லை.

ஜீனோமிலிருந்து மரம் வரைதல்

இன்றைய நிலையில் ஜீனோம் (உயிரியின் முழு டி.என்.ஏ.) வரிசை இல்லாமல் புதிய பேரினத்தை முன்மொழிவது வீண் முயற்சி. குறைந்தது 50 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 50 முறை படிக்கப்படும்படி, வரிசைப்படுத்திய ஜீனோம் எதிர்பார்க்கப்படுகிறது. ஜீனோம் கைக்கு வந்ததும் ஒரு சிறு சோதனையைச் செய்துவிடுங்கள்: அதிலிருந்து 16எஸ் மரபணுவை எடுத்து, நீங்கள் தனியே வரிசைப்படுத்திய 16எஸ் மரபணுவோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் வளர்ப்பில் கலப்பு இருக்கிறது அல்லது குழாய் மாறிவிட்டது. பத்து நிமிட வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டு ஓராண்டு கழித்துக் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சிற்றினத்துக்கும் பேரினத்துக்கும் அளவுகோல்கள் வேறு. இரண்டு ஜீனோம்களின் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95–96 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரண்டும் ஒரே சிற்றினம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை, இரண்டு உயிரிகளின் டி.என்.ஏ. இழைகள் எவ்வளவு ஒன்றோடொன்று இணைகின்றன என்று பார்க்கும் டி.என்.ஏ. கலப்பிணைப்பில் 70 சதவீதம் என்று 1987இல் வகுத்த பழைய எல்லையை இது ஏறக்குறைய ஈடுசெய்கிறது. ஆனால் பேரின அளவிலான தொலைவில் இந்த அளவீடு மங்கிவிடும், ஏனென்றால் பொருத்திப் பார்க்கக்கூடிய டி.என்.ஏ. பகுதிகளே அங்கே குறைந்துவிடுகின்றன. அதனால் பேரினத்துக்குப் புரதங்களை ஒப்பிடுகிறோம். இரண்டு ஜீனோம்களுக்கும் பொதுவான புரதங்களின் பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை வெவ்வேறு பேரினங்கள் என்று 2014இல் ஒரு யோசனை வந்தது. சில குழுக்களில் அது அழகாகப் பொருந்துகிறது. நெருக்கமான ஜீனோம்கள் கொண்ட வேறு சில குழுக்களில் பல பேரினங்களை உள்ளடக்கிய ஒரு குடும்பம் முழுவதும் 50க்கு மேலேயே நின்றுவிடுகிறது. சராசரி அமினோ அமில ஒற்றுமையும் இப்படித்தான், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். எனவே இந்த எண்களை உங்கள் உயிரிக்கு மட்டும் கணக்கிட்டுக் காட்டுவதில் பொருளில்லை. அதே குடும்பத்தில் ஏற்கெனவே உள்ள பேரினங்களுக்கு இடையிலும், ஒவ்வொரு பேரினத்துக்கு உள்ளேயும் கணக்கிட்டு, இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்த்து, உங்கள் உயிரி அந்த இடைவெளியின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டுங்கள்.

எண்களைவிட மரம் முக்கியம். ஒரே பிரதி மட்டும் உள்ள பொது மரபணுக்கள் பலவற்றை இணைத்து வரைந்த பரிணாம மரத்தில், நீங்கள் முன்மொழியும் பேரினம் ஒரே மூதாதையின் வழிவந்த எல்லா உறுப்பினர்களையும் கொண்ட முழுக் கிளையாக இருக்க வேண்டும். இதன் மறுபக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: உங்கள் கிளையை வெட்டி எடுத்த பிறகு மிச்சமிருக்கும் பழைய பேரினமும் முழுக் கிளையாக நிற்க வேண்டும். பக்கத்துப் பேரினத்தின் நடுவிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் புதுப் பெயர் வைத்தால், மிச்சம் இரண்டு துண்டாகிவிடும். அப்படி ஆகுமானால், நீங்கள் முன்மொழிய வேண்டியது ஒரு பேரினமாக இராது. இரண்டோ மூன்றோ ஆகலாம், அல்லது ஒன்றுமே தேவைப்படாமல் போகலாம்.

இந்த வேலை பெரிய அளவில் எப்படி நடக்கும் என்பதற்கு லாக்டோபேசில்லஸ் நல்ல பாடம். 1901இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் பெயரிட்ட அந்தப் பேரினத்தில் காலப்போக்கில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கம்பு வடிவ உயிரிகள் பலவும் வந்து சேர்ந்து, 2020 தொடக்கத்தில் 261 சிற்றினங்கள் இருந்தன. ஒரு சாதாரணப் பேரினத்துக்குள் இருக்கக்கூடிய வேறுபாட்டைத் தாண்டி, ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் அளவுக்கு வேறுபாடு அதில் இருந்தது. அவ்வாண்டு ஒரு பன்னாட்டுக் குழு ஜீனோம்களை ஒப்பிட்டு அதை 25 பேரினங்களாகப் பிரித்தது. அவற்றுள் 23 புத்தம் புதியவை. அவர்கள் மரத்தை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கிளையும் எங்கே வாழ்கிறது, சர்க்கரையை எந்த வழியில் நொதிக்கச் செய்கிறது என்பதும் மரத்தின் கிளைகளோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். முன்மொழிவு விரைவில் ஏற்கப்பட்டதற்கு அந்தப் பொருத்தம் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே ஜீனோமோடு நின்றுவிடாமல் உயிரியையும் பாருங்கள். செல் வடிவம், கிராம் சாயம், வித்து உண்டாவது, அசைவு, வளரும் வெப்பநிலை, உப்பு, அமிலக் காரநிலை ஆகியவற்றின் எல்லைகள், ஆக்சிஜன் தேவை, கொழுப்பு அமிலங்கள், சுவாசக் குயினோன்கள், துருவக் கொழுப்புகள், செல்சுவரின் பெப்டிடோகிளைக்கான் ஆகியவற்றை, நெருங்கிய பேரினங்களின் மூலமாதிரி ஸ்ட்ரெயின்களோடு ஒரே ஆய்வகத்தில், ஒரே ஊடகத்தில், ஒரே வளர்ச்சிப் பருவத்தில் வைத்து அளவிட வேண்டும். பிறர் கட்டுரையிலிருந்து எடுத்த எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது நியாயமாகாது, ஏனென்றால் கொழுப்பு அமிலங்களின் விகிதம் வளர்ப்பு வெப்பநிலை மாறினாலே மாறிவிடும். முடிந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ட்ரெயின்களைத் தேடிப் பிடியுங்கள். ஒற்றை ஸ்ட்ரெயினை வைத்து எழுதும் விவரணையில் எது பேரினத்தின் குணம், எது அந்த ஒரு ஸ்ட்ரெயினின் குணம் என்று பிரித்தறிய வழியே இல்லை.

மரம் சொல்லியும் கைவைக்காத இடங்கள்

மரம் சொல்வதை எல்லாம் உடனே பெயராக்கிவிட முடியாது. ஜீனோமைப் பார்த்தால் ஷிகெல்லா முழுவதும் எஷெரிக்கியா கோலை என்ற ஒரே சிற்றினத்துக்குள் அடங்குகிறது. ஆனாலும் சீதபேதியைக் குறிக்கும் அந்தப் பெயர் மருத்துவத்தில் ஊன்றிவிட்டதால் தனிப் பேரினமாகவே தொடர்கிறது. பிளேக் நோயை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. டி.என்.ஏ. ஒப்புமையின்படி அது யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் என்ற சாதுவான உறவின் துணைச் சிற்றினம் என்று 1980களின் தொடக்கத்தில் மறுபெயரிட்டபோது, ஆய்வக அறிக்கையில் அந்தப் பெயரைக் காணும் மருத்துவர் ஆபத்தை உணராமல் போகக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. விதித்தொகுப்பின் நீதிக்குழு 1985இல் அந்தப் பெயரை நிராகரித்தது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தை உண்டாக்கும் பெயரை விலக்கிவைக்க விதியே இடம் தருகிறது. உங்கள் பாக்டீரியா நோயோடு தொடர்புடையது என்றால், முன்மொழிவை எழுதும் முன்பே நுண்ணுயிர் மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மூலமாதிரி

பெயரிடலின் மொத்தக் கட்டடமும் நிற்பது மூலமாதிரி என்ற ஒற்றைத் தூணில். பேரினத்தின் பெயர் ஒரு மூலமாதிரிச் சிற்றினத்தோடும், சிற்றினத்தின் பெயர் ஒரு மூலமாதிரி ஸ்ட்ரெயினோடும் கட்டப்பட்டிருக்கும். இதன் பொருள், பேரினத்தை யார் எத்தனை துண்டாக உடைத்தாலும், மூலமாதிரிச் சிற்றினம் எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டே பழைய பெயரைத் தக்கவைத்துக்கொள்ளும் என்பதுதான். லாக்டோபேசில்லஸை உடைத்தபோது அந்தப் பெயர் மூலமாதிரிச் சிற்றினமான டெல்புரூக்கி இருந்த கிளைக்குப் போனது. பரவலாகத் தெரிந்த கேசி, பிளான்டாரம், ரியூடெரி ஆகிய சிற்றினங்கள் வேறு பேரினப் பெயர் ஏற்க வேண்டியதாயிற்று. மூலமாதிரி என்பது அந்தக் குழுவின் சராசரி உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அது வெறும் நங்கூரம். ஆயினும் தேர்வு உங்கள் கையில் இருக்கும்போது, எளிதாக வளர்வதும், ஜீனோம் முழுமையாகக் கிடைப்பதும், கிளையின் ஓரத்தில் தொங்காததுமான சிற்றினத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் இருப்பதை மூலமாதிரியாக்கினால், பிற்காலத்தில் யாராவது அந்த ஓரத்தை நறுக்கும்போது பெயரும் அதோடு போய்விடும், நடுவில் இருந்த பெரும்பான்மை புதுப் பெயர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மூலமாதிரி ஸ்ட்ரெயின் உயிருள்ள வளர்ப்பாக, இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள குறைந்தது இரண்டு பொது நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2001 முதல் கட்டாய விதி. கேட்பவர் எவருக்கும் அங்கிருந்து கட்டுப்பாடின்றிக் கிடைக்கவும் வேண்டும். காப்புரிமை நிபந்தனையோடு பூட்டிவைத்த வளர்ப்பு செல்லாது. இந்தக் கட்டத்துக்கு ஒதுக்கும் காலத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். உயிரியல் பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிகள் வேண்டியிருக்கும், சேமிப்பகம் அதை வளர்த்துச் சரிபார்த்து உறைநிலையில் வைத்துச் சான்றிதழ் தர வாரங்கள் ஆகும், குளிரோ பயண நாட்களோ தாங்காத உயிரி என்றால் மறுபடியும் அனுப்ப வேண்டிவரும். கட்டுரையை எழுதி முடித்த பிறகு இதைத் தொடங்குபவர்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

பெயரை உருவாக்குதல்

இப்போது பெயர். பேரினப் பெயர் லத்தீன் அல்லது லத்தீனாக்கப்பட்ட பெயர்ச்சொல்லாக, ஒருமையில், எழுவாய் வேற்றுமையில் இருக்க வேண்டும். முதலெழுத்து பெரிய எழுத்து. மூலச்சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம், உருவம் மட்டும் லத்தீனாக வேண்டும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவு அந்நியமாக இராது, ஏனென்றால் பால், வேற்றுமை, சாரியை ஆகிய மூன்றில்தான் பெரும்பாலான பிழைகள் நிகழ்கின்றன.

சாரியையிலிருந்து தொடங்குவோம். இரண்டு சொற்களை இணைக்கும்போது, முன்சொல் லத்தீனாக இருந்தால் நடுவில் இகரமும், கிரேக்கமாக இருந்தால் ஒகரமும் வர வேண்டும். பின்சொல் உயிரில் தொடங்கினால் இணைப்புயிர் தேவையில்லை. நாம் குடிக்கும் பாலைக் குறிக்கும் லாக் என்பது லத்தீன். அப்படியானால் லாக்டோபேசில்லஸ் என்பதே இலக்கணப்படி லாக்டிபேசில்லஸ் என்று இருந்திருக்க வேண்டும். பழைய பெயர் என்பதால் அதை யாரும் தொடவில்லை. ஆனால் 2020இல் பிறந்த குழந்தைகளைப் பாருங்கள்: லாக்டிபிளான்டிபேசில்லஸ், லாக்டிகேசிபேசில்லஸ். அம்மாவின் பெயரில் இருந்த பிழை பிள்ளைகளின் பெயரில் திருத்தப்பட்டிருக்கிறது. லத்தீனையும் கிரேக்கத்தையும் ஒரே சொல்லில் கலப்பதையும் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது பால். லத்தீனில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என மூன்று. பேரினப் பெயரின் பால் அதன் கடைசி உறுப்பைப் பொறுத்தது: பேசில்லஸ், காக்கஸ், பாக்டர், மைசஸ், விப்ரியோ என்று முடிபவை ஆண்பால், மோனாஸ், ஸ்பைரா, "-எல்லா", "-இயா" என்று முடிபவை பெண்பால், பாக்டீரியம், கிளாஸ்ட்ரிடியம் போன்றவை ஒன்றன்பால். சிற்றின அடைமொழி (பேரினப் பெயரை அடுத்து வரும் இரண்டாம் சொல்) உரிச்சொல்லாக இருந்தால், நம் மொழியில் எழுவாயின் பாலுக்கேற்ப வினைமுற்று திரிவதுபோல, அது பேரினத்தின் பாலுக்கேற்பத் திரிய வேண்டும். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் பயணத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1959இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எலிசபெத் கிங் அதை ஃபிளாவோபாக்டீரியம் மெனிங்கோசெப்டிகம் என்று பெயரிட்டார். 1994இல் அது கிரைசியோபாக்டீரியம் பேரினத்துக்கு மாறியது. அதுவும் ஒன்றன்பால் என்பதால் மெனிங்கோசெப்டிகம் அப்படியே நின்றது. 2005இல் அவர் பெயரையே தாங்கி எலிசபெத்கிங்கியா என்ற புதிய பேரினம் உருவானபோது, அது பெண்பால் என்பதால் அடைமொழி மெனிங்கோசெப்டிகா ஆயிற்று. மெனிங்கோசெப்டிகம் என்றே விட்டிருந்தால் அது அப்பட்டமான பால்வழு.

அடைமொழி ஆறாம் வேற்றுமைப் பெயராக இருந்தால் பேரினத்தின் பால் அதைப் பாதிக்காது. ஆனால் வேற்றுமை உருபைச் சரியாகப் போட வேண்டும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு முதலில் காம்பைலோபாக்டர் பைலோரிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். இரைப்பையின் வாயிலைக் குறிக்கும் பைலோரஸ் என்ற சொல்லின் ஆறாம் வேற்றுமை பைலோரி; பைலோரிடிஸ் என்பது இலக்கணத்தில் இல்லாத உருவம். 1987இல் அது பைலோரி என்று திருத்தப்பட்டு, 1989இல் ஹெலிகோபாக்டர் என்ற புதிய பேரினம் வந்தபோது இன்றுள்ள பெயரானது.

ஒருவரைச் சிறப்பிக்கும் பெயர் என்றால், அந்தப் பேரினப் பெயரைப் பெண்பாலில் அமைப்பதே மரபு. மெய்யில் முடியும் பெயரோடு பொதுவாக இயா சேர்ப்பார்கள்: எஷெரிக்கிலிருந்து எஷெரிக்கியா, யெர்சினிலிருந்து யெர்சினியா. சிறுமைப்பொருள் தரும் "-எல்லா" என்ற விகுதியும் உண்டு: புரூசிலிருந்து புரூசெல்லா, சால்மனிலிருந்து சால்மோனெல்லா, ஷிகாவிலிருந்து ஷிகெல்லா. ஆகாரத்தில் முடியும் பெயரோடு ஏயா சேரும். இந்திய உயிரியலாளர் புஷ்ப மித்ர பார்கவாவின் பெயரால் 2009இல் அமைந்த பார்கவேயா அப்படி வந்தது. இந்துமாக்கடலின் ஆழ்கடல் வண்டலிலிருந்து கிடைத்த அதன் மூலமாதிரிச் சிற்றினத்துக்கு, அவர் நிறுவிய ஆய்வு மையத்தின் ஆங்கில முதலெழுத்துகளை (சி.சி.எம்.பி.) ஒலித்துச் செசெம்பென்சிஸ் என்று வைத்தார்கள். நிறுவனத்தின் முதலெழுத்துகளைச் சொல்லாக்குவது தடையில்லாத விளையாட்டுதான், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. செடெசியா ஆனதும், ஜெர்மன் நுண்ணுயிர்ச் சேமிப்பகமான டி.எஸ்.எம்.இஸட். டெசெம்சியா ஆனதும் இப்படியே. உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்வது மட்டும் அநாகரிகம். விதித்தொகுப்பும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. நுண்ணுயிரியலோடு தொடர்பே இல்லாதவர்களின் பெயரையும் தவிர்க்கச் சொல்கிறது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் குறுகியதாகவும் சொல்ல எளியதாகவும் இருக்கட்டும் என்று விதித்தொகுப்பு அறிவுறுத்துகிறது. அறிவுரைதான், கட்டளை அல்ல. வேல்ஸில் 58 எழுத்துப் பெயர் கொண்ட ஊர் ஒன்றின் மண்ணிலிருந்து கிடைத்த மிக்ஸோகாக்கஸ் சிற்றினத்துக்கு 2020இல் அந்த ஊரின் முழுப் பெயரையும் சூட்டி, அதோடு விகுதியும் சேர்த்தார்கள். செல்லுபடியாகும் பெயர்தான் அது. யாராவது அதை ஒரு கருத்தரங்கில் உரக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் ஆசை. பயன்படுத்துவோரின் பக்கம் நின்று யோசித்ததற்கு எதிர் எடுத்துக்காட்டுகளும் உண்டு. குடல் நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில், கிளாஸ்ட்ரிடியம் பேரினத்தின் மூலமாதிரியான பியூட்டிரிகத்திலிருந்து வெகுதொலைவில் நிற்பதால் அதை வெளியேற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனைகளில் அதைச் சி. டிஃப் என்றே அழைத்துப் பழகியிருந்தார்கள்; 2016இல் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் என்ற பெயரைத் தேர்ந்ததால் அந்தச் சுருக்கம் பிழைத்தது. லாக்டோபேசில்லஸிலிருந்து பிரிந்தவற்றில் பரவலான பயன்பாட்டில் உள்ள பேரினங்கள் பலவும் எல் என்ற ஆங்கில எழுத்திலேயே தொடங்குவதும் இதே கரிசனத்தால்.

பெயர் காலியாக இருக்கிறதா

மனத்தில் முதலில் தோன்றும் பெயர் பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ வைத்ததாக இருக்கும். சிவப்பு நிறக் கம்பு வடிவ உயிரி கிடைத்ததும் ரூப்ரோபாக்டர் என்று யோசித்தால், அது கதிர்வீச்சைத் தாங்கும் வேறொரு பேரினத்தின் பெயர். பாக்டீரியாக்களின் முறையான பெயர்களை எல்.பி.எஸ்.என். என்ற இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். 1997இல் பிரெஞ்சு அறிஞர் ழான் யூசெபி தொடங்கிய இது, இப்போது ஜெர்மனியின் டி.எஸ்.எம்.இஸட். சேமிப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதோடு நிறுத்தாமல், விலங்கு, தாவரம், பூஞ்சை, ஆல்கா ஆகியவற்றின் பேரினப் பட்டியல்களிலும் தேட வேண்டும். பேசில்லஸ் என்ற பெயரில் ஒரு குச்சிப்பூச்சிப் பேரினமும் இருக்கிறது என்பது பழைய காலத்து மிச்சம். இன்று அப்படி ஒரு பெயரை வைக்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் பிரி என்பவர் 1927இல் ஒரு பாக்டீரியாவுக்கு அறுவை மருத்துவர் ஜோசஃப் லிஸ்டர் நினைவாக லிஸ்டெரெல்லா என்று பெயரிட்டார். அதே பெயர் 1906லேயே ஒரு சளிப்பூஞ்சைக்கு வைக்கப்பட்டிருந்தது. 1933இல் ஃபோராமினிஃபெரா என்ற கடல்வாழ் ஒருசெல் உயிரி ஒன்றுக்கும் வைத்துவிட்டார்கள். கடைசியில் 1940இல் அவரே அதை லிஸ்டீரியா என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் நூலகம் நூலகமாகத் தேட வேண்டியிருந்தது. இன்று அந்தச் சாக்கு எவருக்கும் இல்லை.

1980க்கு முந்தைய பெயர்களைக் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து குவிந்து கிடந்த, எந்த உயிரியைக் குறிக்கிறது என்றே தெரியாத ஆயிரக்கணக்கான பெயர்களை ஒதுக்கிவிட்டு, ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று 1980 சனவரி 1 அன்று புதிய தொடக்கமாக அறிவிக்கப்பட்டது. அதில் இடம்பெறாத பழைய பெயருக்கு இன்று தகுதி இல்லை. ஒரே உயிரிக்கு இரண்டு பெயர் இருந்தால் முந்தையதே நிற்கும் என்ற முன்னுரிமை கணக்கிடப்படுவது அந்த நாளிலிருந்துதான்.

விவரணையும் வெளியீடும்

கட்டுரையின் இறுதியில் பேரினத்துக்கும் மூலமாதிரிச் சிற்றினத்துக்கும் தனித்தனியே முறையான விவரணை எழுத வேண்டும். பேரின விவரணையில் பெயர், அதைப் புதிய பேரினம் என்று அறிவிக்கும் ஜென். நோவ். என்ற குறிப்பு, சொற்பிறப்பு, பால், பொதுக் குணங்கள், எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது, மூலமாதிரிச் சிற்றினத்தின் பெயர் ஆகியவை இடம்பெற வேண்டும். சொற்பிறப்பு அலங்காரம் அன்று. அது இல்லாவிட்டால் பெயர் செல்லாது. சிற்றின விவரணையில் மூலமாதிரி ஸ்ட்ரெயினின் எண்ணும், இரண்டு சேமிப்பகங்களும் தந்த எண்களும், 16எஸ், ஜீனோம் வரிசைகளின் பதிவு எண்களும் வர வேண்டும். பேரினத்துக்கு எழுதும் குணங்களைச் சிற்றினத்தில் மறுபடி நகலெடுப்பது பலரின் வழக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினம் இருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பேரினத்திலும், வேறுபடுத்துவதைச் சிற்றினத்திலும் வையுங்கள்.

வெளியீட்டில் இரண்டு படிகள் உண்டு. எந்த அறிவியல் இதழில் வந்தாலும் பெயர் வெளியானதாகக் கொள்ளப்படும். கருத்தரங்கச் சுருக்கமும் காப்புரிமை விண்ணப்பமும் அந்தக் கணக்கில் சேரா. ஆனால் அது செல்லுபடியாவது இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் சிஸ்டமேட்டிக் அண்ட் எவல்யூஷனரி மைக்ரோபயாலஜி என்ற இதழில் வரும்போதுதான். கட்டுரை நேரடியாக அங்கே வெளிவந்தால் வேலை அப்போதே முடிந்தது. வேறு இதழில் வந்திருந்தால், கட்டுரையின் பிரதியையும் சேமிப்பகங்களின் சான்றிதழ்களையும் அந்த இதழுக்கு அனுப்பி, அது அவ்வப்போது வெளியிடும் செல்லுபடிப் பட்டியலில் பெயரைச் சேர்க்கக் கேட்க வேண்டும். பட்டியலில் வந்த நாளே முன்னுரிமைக்குக் கணக்கு, உங்கள் கட்டுரை வந்த நாள் அன்று. புகழ்பெற்ற இதழில் கட்டுரை வந்த மகிழ்ச்சியில் இந்தக் கடிதத்தை அனுப்ப மறந்து, பல ஆண்டுகளாகச் செல்லுபடியாகாத பெயருக்கு அடையாளமான மேற்கோள் குறிக்குள்ளேயே கிடக்கும் பெயர்கள் நிறைய உண்டு.

பழைய சிற்றினங்களைப் புதிய பேரினத்துக்குள் கொண்டுவருகிறீர்கள் என்றால், ஒவ்வொன்றையும் கோம்ப். நோவ். (புதிய பெயர்ச்சேர்க்கை) என்று தனியே அறிவிக்க வேண்டும். "இந்தக் கிளையில் உள்ள மற்றவையும் இதில் அடங்கும்" என்று ஒற்றை வரியில் முடிக்க இயலாது. முதலில் பெயரிட்டவரின் உரிமை அடைப்புக்குறிக்குள் தொடரும்: எலிசபெத்கிங்கியா மெனிங்கோசெப்டிகா என்பதன் பின்னே கிங் 1959 என்பது அடைப்புக்குறிக்குள்ளும், பேரினம் மாற்றியவர்களின் பெயரும் 2005 என்ற ஆண்டும் வெளியிலும் வரும். இப்படி மாற்றியதால் பழைய பெயர் இறந்துவிடுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எல்லைக்கோட்டை ஏற்காத ஒருவர் பழைய பெயரையே எழுதினால், அதைத் தவறு என்று விதியைக் காட்டி நீங்கள் தடுக்க முடியாது. வகைப்பாட்டுக்கு அதிகாரபூர்வ முத்திரை என்று ஒன்று கிடையாது.

பேரினத்துக்கு மேலே புதிய குடும்பமோ வரிசையோ தேவைப்பட்டால், அந்தப் பெயர்கள் மூலமாதிரிப் பேரினத்தின் அடிச்சொல்லோடு குறித்த விகுதியைச் சேர்த்தே உருவாகும்: குடும்பத்துக்கு ஏசியே, வரிசைக்கு ஏல்ஸ், வகுப்புக்கு இயா. தொகுதிக்கான ஓட்டா என்ற விகுதி 2021இல் நடைமுறைக்கு வந்து, சூடோமோனடோட்டா, பேசில்லோட்டா போன்ற பெயர்களைத் தந்தது.

வளர்க்கவே முடியாத, ஜீனோம் மட்டும் கிடைத்த உயிரி என்றால் மேலே சொன்ன வழி அடைபட்டுவிடும். 1990களின் நடுவிலிருந்து அத்தகையவற்றைக் கேண்டிடேட்டஸ் என்ற முன்னொட்டோடு குறிக்கிறார்கள். அதற்கு முன்னுரிமை உரிமை கிடையாது. ஜீனோம் வரிசையையே மூலமாதிரியாக ஏற்கும் சீக்கோடு என்ற தனி விதித்தொகுப்பு 2022இல் வெளியாகி, அதற்கெனப் பதிவேடும் இயங்குகிறது. அந்த வழியில் போனாலும் பால், வேற்றுமை, சாரியை குறித்து மேலே சொன்னவற்றிலிருந்து தப்ப முடியாது.

பெயர் செல்லுபடியான பிறகு எல்.பி.எஸ்.என். பதிவேட்டில் உங்கள் பேரினத்தின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துப் பிழையோ பால்வழுவோ இருந்தால் அங்கே திருத்திய உருவத்தோடு கோரிக். (திருத்தப்பட்டது) என்ற குறிப்பு நிற்கும். அப்படியானால் உங்கள் அடுத்த கட்டுரையிலிருந்து திருத்திய உருவத்தையே எழுத வேண்டும். இரண்டு சேமிப்பகங்களின் பட்டியல்களிலும் உங்கள் ஸ்ட்ரெயின் வெளியாருக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, ஆய்வகத்து உறைபெட்டியில் உள்ள குழாய்களின் மேல் ஒட்டிய பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய பெயரை எழுதி வையுங்கள்.